மீதி 1-ஐ யார் எடுத்து வைக்கிறது? புளியங்கொட்டையில இருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் கையால செஞ்சு பார்க்கலாம் வாங்க

கம்ப்யூட்டர் பேசிக்ஸ்னு எந்தப் புக்கைத் திறந்தாலும் முதல் பாடத்துல அபாகஸ், நேப்பியர், பாஸ்கல், லைப்னிட்ஸ், பாபேஜ்னு பேரும் வருஷமும் வரிசையா வரும், பசங்களும் அதை மனப்பாடம் பண்ணி பரீட்சையில எழுதிட்டு அப்புறம் மறந்துடுவாங்க. அந்தப் பாடத்தை இப்படி நடத்துறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா அந்த ஆளுங்க எல்லாரும் மல்லுக்கட்டினது ஒரே ஒரு விஷயத்தோடதான். 7-ம் 8-ம் கூட்டினா 15, 5 போட்டு மீதி 1-னு சொல்றோம்ல, அந்த மீதி 1-ஐ அடுத்த இடத்துக்கு யார் கொண்டுபோய் வைக்கிறது? மனுஷன் கை வைக்கணுமா, இல்ல மெஷினே வச்சுக்குமா? இந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா இன்னிக்கு இருக்குற பிராசஸருக்குள்ள வரைக்கும் போயிடலாம். ஒவ்வொரு கட்டத்தையும் வீட்லயே செஞ்சு பார்க்குற மாதிரி எழுதிருக்கேன், ஆறாவது ஏழாவது படிக்கிற பசங்களோட உட்கார்ந்து செஞ்சா இன்னும் நல்லது.

தேவையானது: ஒரு கை புளியங்கொட்டை (சோழியோ பட்டன்களோ கூட ஓகே), ஒரு சாக்பீஸ், கெட்டியான அட்டை, கத்தரிக்கோல், ஸ்கேல், பேனா. கடைசிப் பக்கம் வரும்போது ரெண்டு ஸ்லைடு சுவிட்ச், ரெண்டு டார்ச் பல்பு, ரெண்டு பென்சில் செல், கொஞ்சம் ஒயர், ஒரு கம்ப்யூட்டர்.

முதல்ல தரையில கூட்டுவோம்

தரையில சாக்பீஸால நாலு கோடு நெட்டுக்குப் போடுங்க, நடுவுல மூணு பத்தி கிடைக்கும், வலது பக்கத்துல இருந்து ஒண்ணு, பத்து, நூறு. இப்ப 347-ஐ வைக்கணும்னா நூறுல 3 கொட்டை, பத்துல 4, ஒண்ணுல 7. அதோட 285 கூட்டணும், அதே பத்திகள்லயே இன்னும் 2, 8, 5 கொட்டையைப் போடுங்க. இப்ப ஒண்ணுல 12 கொட்டை இருக்கும். அதுல இருந்து பத்தை எடுத்து ஓரமா வச்சுட்டு, பத்து பத்தியில ஒரே ஒரு கொட்டையைப் போடுங்க. அங்க இப்ப 4, 8, 1 சேர்ந்து 13 ஆச்சு, மறுபடி பத்தை எடுத்துட்டு நூறுல ஒண்ணு. கடைசியா பார்த்தா 6, 3, 2. விடை 632.

இதுதான் அபாகஸ், வேற ஒண்ணும் இல்ல. கிரீஸ்ல சலாமிஸ் தீவுல 1846-ல ஒரு பளிங்குப் பலகை கிடைச்சுது, ஒன்றரை மீட்டர் நீளம், மேல கோடு கோடா செதுக்கிருக்கு, நாம சாக்பீஸ்ல போட்ட வேலைதான் அதுல கல்லுல இருக்கு. கம்பியில மணி கோத்தது அதுக்கப்புறம் வந்தது, சீனாக்காரங்க சுவான்பான்ல மேல 2 மணி கீழ 5 மணி, ஜப்பான்காரங்க சொரோபான்ல மேல 1 கீழ 4, மேல இருக்குற மணி ஒண்ணு அஞ்சுக்குச் சமம்.

இதை லேசா நினைக்க வேண்டாம். 1946 நவம்பர்ல டோக்கியோவுல ஒரு போட்டி வச்சாங்க, ஜப்பான் தபால் துறையில வேலை பார்த்த கியோஷி மட்சுசாகி சொரோபானோட ஒரு பக்கம், அமெரிக்க ராணுவத்துல இருந்த தாமஸ் வுட் கரண்ட்ல ஓடுற கால்குலேட்டரோட இன்னொரு பக்கம். மட்சுசாகி 4-1-னு ஜெயிச்சார், பெருக்கல்ல மட்டும்தான் மெஷின் முந்துச்சு.

ஆனா ஒண்ணு கவனிங்க. கொட்டையோ மணியோ எண்ணை ஞாபகம் வச்சுக்குது, அவ்வளவுதான். பத்தை எடுத்துட்டு பக்கத்துல ஒண்ணு வச்சது உங்க கை. கம்ப்யூட்டர் பாஷையில சொல்லணும்னா மெமரி பலகையில இருக்கு, பிராசஸர் உங்க விரல்ல இருக்கு.

அட்டையை வெட்டி நேப்பியர் எலும்பு செய்யலாம்

ஜான் நேப்பியர் ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோ பக்கத்துல மெர்கிஸ்டன் கோட்டையில இருந்தவர். மடக்கைன்னு ஸ்கூல்ல படிக்கிறோமே லாகரிதம், அதை 1614-ல வெளியிட்டது இவர்தான். 1617-ல, அவர் இறந்த அதே வருஷம், இன்னொரு சின்ன புத்தகம் வந்துச்சு, அதுல பெருக்கலுக்குச் சட்டங்களை வச்சு ஒரு வழி சொன்னார். தந்தத்துலயும் எலும்புலயும் செஞ்சதால நேப்பியர் எலும்புகள்னு பேர் வந்துடுச்சு.

செய்யறது இப்படி. அட்டையில 2 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்துல பத்து பட்டை வெட்டுங்க. ஒவ்வொரு பட்டையையும் 2 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு பத்து கட்டமா பிரிங்க. மேல இருக்குற கட்டத்துல பட்டையோட எண், அதாவது 0-ல இருந்து 9 வரைக்கும் பட்டைக்கு ஒண்ணு. கீழ இருக்குற ஒன்பது கட்டத்துலயும் வலது மேல் மூலையில இருந்து இடது கீழ் மூலைக்கு ஒரு சாய்வுக் கோடு. அப்புறம் அந்த எண்ணோட வாய்ப்பாட்டை மேல இருந்து கீழ எழுதிக்கிட்டே வாங்க, பத்தாம் இடத்து இலக்கம் கோட்டுக்கு இடது பக்கம் மேல, ஒண்ணாம் இடத்து இலக்கம் வலது பக்கம் கீழ. 7-ம் பட்டைன்னா 0/7, 1/4, 2/1, 2/8, 3/5-னு போய் 6/3-ல முடியும். பத்து இல்லாத இடத்துல 0 போட்டுடுங்க, விட்டுட்டா அப்புறம் குழப்பும். இது தவிர 1-ல இருந்து 9 வரைக்கும் எழுதின ஒரு பட்டை தனியா வேணும், இடது ஓரத்துல வச்சுக்க, அதோட முதல் கட்டத்தைக் காலியா விட்டுட்டு ரெண்டாவது கட்டத்துல இருந்து எழுதினா வரிசை சரியா உட்காரும். பட்டைகளை ரெண்டு செட்டா செஞ்சுடுங்க, ஏன்னா 225 மாதிரி எண் வந்தா 2-ம் பட்டை ரெண்டு தேவைப்படும்.

இப்ப 786-ஐ 7-ஆல பெருக்கணும். 7, 8, 6 பட்டைகளைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வைங்க, ஓரப் பட்டையில 7 இருக்குற வரிசையை மட்டும் பாருங்க. 4/9, 5/6, 4/2-னு தெரியும். இப்ப சாய்வு சாய்வா கூட்டணும், வலது பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. முதல் சாய்வுல 2 மட்டும். அடுத்த சாய்வுல 4-ம் 6-ம், 10, 0 போட்டு மீதி 1. அடுத்தது 5-ம் 9-ம், மீதி 1-ம் சேர்த்து 15, 5 போட்டு மீதி 1. கடைசியா 4-ம் 1-ம் 5. விடை 5502. ஒரு இடத்துலயும் ஏழெட்டு எவ்வளவு, ஆறேழு எவ்வளவுன்னு யோசிக்கலை பாருங்க, கூட்டல் மட்டும்தான்.

ரெண்டு இலக்கத்தால பெருக்கணும்னா, 425 × 36 வச்சுக்கோங்க, 6-ம் வரிசையில 2550, 3-ம் வரிசையில 1275. இந்த 1275-ஐ ஒரு இடம் தள்ளி எழுதி (12750) ரெண்டையும் கூட்டுங்க, 15300. பெரிய பெருக்கலை சின்னச் சின்னதா உடைச்சு, இடம் தள்ளி, கூட்டிட்டுப் போறது. பிராசஸர் சிப்புக்குள்ள இன்னிக்கும் பெருக்கல் நடக்குறது இந்த அடிப்படையிலதான், இடம் தள்ளு, கூட்டு. பைனரியில, அதாவது 0-ம் 1-ம் மட்டும் வச்சு எண் எழுதுற முறையில, வாய்ப்பாடும் 0-ம் 1-ம் மட்டும்ங்கறதால இன்னும் சுலபமா முடிஞ்சுடுது.

நேப்பியர் பண்ணது வாய்ப்பாட்டை துண்டு துண்டா வெட்டி நகர்த்துற மாதிரி வச்சது, அது பெரிய வசதிதான், வான சாஸ்திரக்காரங்க பக்கம் பக்கமா பெருக்கிட்டு இருந்த காலம் அது. ஆனா சாய்வுல கூட்டும்போது மீதி 1-ஐ யார் தூக்கினது? மறுபடியும் நீங்கதான்.

மீதியை மெஷினே தூக்க ஆரம்பிச்ச கதை

ஜெர்மனியில ட்யூபிங்கன் யுனிவர்சிட்டியில வில்ஹெல்ம் ஷிக்கார்ட்னு ஒரு பேராசிரியர், ஹீப்ருவும் வான சாஸ்திரமும் சொல்லிக் குடுத்தவர். 1623-ல ஒரு மெஷின் செஞ்சதா வான சாஸ்திரக்காரர் கெப்ளருக்கு லெட்டர் எழுதினார். மேல் பாதியில நேப்பியர் எலும்புகளை உருளையா சுத்தி வச்சு, கீழ் பாதியில கூட்டுறதுக்குப் பல்சக்கரம். ஒரு சக்கரம் 9-ல இருந்து 0-க்குத் திரும்பும்போது அதுல இருக்குற ஒத்தைப் பல் அடுத்த சக்கரத்தை ஒரு இடம் தள்ளிடும். மீதி 1-ஐ மனுஷன் கை தொடாம தானே நகர வைக்கிறதுக்கு எழுதி வச்ச திட்டம்னு நமக்குக் கிடைக்கிறதுல இது ரொம்ப முந்தினது. கெப்ளருக்காகச் செஞ்சுக்கிட்டு இருந்த மெஷின் 1624-ல தீயில போயிடுச்சு, அந்த லெட்டர்களைக் கண்டுபிடிச்சு மாதிரி மெஷின் செஞ்சு பார்த்தது 20-ம் நூற்றாண்டுலதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, தரையில போட்ட பத்திகளை இன்னும் மூணு கூட்டிட்டு, வலது அஞ்சு பத்தியிலயும் 9 கொட்டை போட்டு 99999 வச்சு 1 கூட்டிப் பார்த்தா கைக்கே புரியும். ஒரே ஒரு கொட்டை போட்டதுக்கு அஞ்சு பத்தியையும் கலைக்கணும். பல்சக்கரத்துல இது நடக்கும்போது முதல் சக்கரத்தைத் திருப்புற விரல்தான் மத்த எல்லாச் சக்கரத்தையும் ஒரே நேரத்துல தள்ளணும், இலக்கம் கூடக்கூட இறுகிக்கும்.

பிளேஸ் பாஸ்கல் இதைத்தான் சரி பண்ணார். அப்பா எத்தியென் ருவான் ஊர்ல வரி வசூல் அதிகாரி, ராத்திரி பகலா கணக்கு. பையன் 1642-ல, 19 வயசுல, அப்பாவுக்கு உதவணும்னு மெஷின் செய்ய உட்கார்ந்தார், ஏறக்குறைய 50 மாதிரி செஞ்சு பார்த்து 1645-ல வெளியில காட்டினார். அவரோட வித்தை ஒரு சின்ன எடைக்கட்டை. சக்கரம் 9-ஐ நோக்கிப் போகப் போக அந்தக் கட்டை கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்கப்படும், 9-ல இருந்து 0-க்குத் தாண்டும்போது தொபுக்குன்னு கீழ விழும், விழுற வேகத்துல அடுத்த சக்கரத்தை ஒரு இடம் தள்ளும். அந்தத் தள்ளலுக்குத் தேவையான சக்தி முன்னாடியே சேர்த்து வச்சதுங்கறதால 99999 + 1 போட்டாலும் விரலுக்குச் சுமை இல்ல, வரிசையா ஒவ்வொரு கட்டையும் விழுந்துகிட்டே போகும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும், 19 வயசுப் பையன் புவியீர்ப்பை வச்சு மீதி 1-ஐ நகர்த்திருக்கான். பிரான்ஸ் நாணயத்துக்கு 12 தெனியே ஒரு சூ, 20 சூ ஒரு லிவ்ர், அதனால பணக்கணக்கு மெஷின்கள்ல கடைசி ரெண்டு சக்கரம் 12-க்கும் 20-க்கும் மீதி குடுக்கும்.

ஆனா கட்டை ஒரு பக்கம்தான் விழும், சக்கரமும் ஒரு பக்கம்தான் சுத்தும். அப்ப கழித்தல்? இதுக்கு அவர் பண்ண வழியை பேப்பர்ல செஞ்சு பாருங்க, இந்தப் பாடத்துலயே முக்கியமான இடம் இதுதான்.

632-ல இருந்து 285 போகணும். 632-ல ஒவ்வொரு இலக்கத்தையும் 9-ல இருந்து கழிச்சு எழுதுங்க: 3, 6, 7, அதாவது 367. இதுல கடன் வாங்குற வேலையே வராது, 9-ல இருந்து எந்த இலக்கமும் போகும். இப்ப 367-ஓட 285-ஐக் கூட்டுங்க, 652. மறுபடி ஒவ்வொரு இலக்கத்தையும் 9-ல இருந்து கழிங்க, 347. விடை வந்துடுச்சு. பாஸ்கலோட மெஷின்ல ஒவ்வொரு உருளையிலயும் ரெண்டு வரிசை எண் இருக்கும், ஒண்ணு நேர் எண், இன்னொண்ணு அதோட 9-நிரப்பு (அதை 9-ல இருந்து கழிச்சா வர்றது), ஒரு பட்டையை மேலயும் கீழயும் தள்ளி எது வேணுமோ அதைப் பார்க்கலாம். கூட்டத் தெரிஞ்ச மெஷினுக்குக் கழிக்கத் தனியா எதுவும் தேவையில்ல.

இன்னொரு விதமாவும் பண்ணலாம். 285-ஓட நிரப்பு 714. 632-ம் 714-ம் 1346. முன்னாடி வழிஞ்சு நிக்கிற 1-ஐ எடுத்துக் கடைசியில கூட்டிடுங்க, 346 + 1 = 347. இந்த ரெண்டாவது முறையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ கம்ப்யூட்டர்ல இதே வரும். 1880-கள்ல அமெரிக்காவுல டோர் ஃபெல்ட் செஞ்ச காம்ப்டோமீட்டர்ல ஒவ்வொரு பட்டன்லயும் பெரிய எண்ணுக்குப் பக்கத்துல சின்ன எண் ஒண்ணு பொறிச்சிருக்கும், அது கழிக்கிறதுக்கான நிரப்புதான். 1946-ல வந்த எனியாக், பதினேழாயிரத்துக்கு மேல வால்வு வச்ச மெஷின், அதுவும் கழித்தலை நிரப்பு வச்சுக் கூட்டலாத்தான் பண்ணுச்சு.

பாஸ்கலுக்கும் எனியாக்குக்கும் நடுவுல இருக்குறவங்கள்ல லைப்னிட்ஸ் பெருக்கல் வகுத்தல் வரைக்கும் போனார், படிப்படியா பல் நீளம் மாறுற உருளை ஒண்ணு செஞ்சு 1673-ல லண்டன் ராயல் சொசைட்டியில காட்டினார். அந்த உருளையை வச்சு தாமஸ் த கோல்மார் அரித்மோமீட்டருக்கு 1820-ல பேட்டன்ட் வாங்கினார், அது 1850-கள்ல இருந்து ஆபீஸ்கள்ல நிஜமாவே விலைக்குப் போச்சு.

பாபேஜ் கிட்ட மட்டும் கொஞ்சம் நிக்கணும். சார்லஸ் பாபேஜ் 1830-கள்ல வரைஞ்ச அனலிட்டிகல் எஞ்சின்ல எண்களை வைக்கிற இடத்துக்கு ஸ்டோர்னு பேர், கணக்கு நடக்குற இடத்துக்கு மில்னு பேர், என்ன செய்யணும்னு சொல்றதுக்கு ஜக்கார்ட் தறியில இருந்து எடுத்த துளை போட்ட அட்டை. மெமரி, பிராசஸர், புரோகிராம்னு இன்னிக்கு நாம படிக்கிற மூணும் அங்கயே பிரிஞ்சு நிக்குது. அந்த மெஷினுக்கு பெர்னூலி எண்களைக் கணக்கிடுற படிகளை அட்டவணையா போட்டு 1843-ல எய்டா லவ்லேஸ் வெளியிட்டாங்க. ஆனா பாபேஜை ரொம்பப் படுத்தினது மறுபடியும் மீதிதான். 40 இலக்கம், 50 இலக்கம் எண்ணுல மீதி ஒவ்வொரு இடமா போய்ச் சேர நேரமாகும்ல, அதனால எந்தெந்த இடத்துக்கு மீதி வரும்னு முன்கூட்டியே பார்த்து எல்லாத்தையும் ஒரே அடியில நகர்த்துற அமைப்பு ஒண்ணை வரைஞ்சார். இப்ப பிராசஸர் டிசைன் படிக்கிற இன்ஜினியரிங் பசங்க கேரி லுக்-அஹெட்னு படிக்கிறாங்களே, யோசனை அதேதான். அந்த எஞ்சினை அவரால முழுசா செஞ்சு முடிக்க முடியலை. அவரோட இன்னொரு வரைபடமான டிஃபரன்ஸ் எஞ்சின் நம்பர் 2-ஐ லண்டன் சயின்ஸ் மியூசியத்துல 1991-ல செஞ்சு ஓட்டினாங்க, 31 இலக்கம் வரைக்கும் சரியா கணக்கு போட்டுச்சு. அது ஓடுற வீடியோ கிடைச்சா கண்டிப்பா பாருங்க, பின்பக்கம் மீதி ஏறிப் போறது சுருள் சுருளா கண்ணுக்கே தெரியும்.

பத்தை விட்டுட்டு ரெண்டுக்கு வருவோம்

இவ்வளவு சிரமமும் எதனாலன்னா ஒரு இடத்துல பத்து நிலை இருக்கணும். லைப்னிட்ஸ் 1703-ல 0-ம் 1-ம் மட்டும் வச்சு எல்லா எண்ணையும் எழுதலாம்னு கட்டுரை போட்டார். செஞ்சு பார்க்க மறுபடி புளியங்கொட்டைதான், ஆனா இந்தத் தடவை பத்திகளுக்கு மேல வலது பக்கத்துல இருந்து 1, 2, 4, 8, 16-னு எழுதுங்க. ஒரு பத்தியில ஒரே ஒரு கொட்டைதான் இருக்கலாம், ரெண்டு சேர்ந்தா ரெண்டையும் எடுத்துட்டு இடது பக்கத்துல ஒண்ணு வைக்கணும், அவ்வளவுதான் சட்டம். 13-ன்னா 8, 4, 1-ல கொட்டை, அதாவது 1101. அதோட 11 கூட்டணும், அது 1011. கொட்டைகளைப் போட்டுட்டு வலது பக்கத்துல இருந்து வாங்க: முதல் பத்தியில ரெண்டு, எடுத்துட்டு அடுத்ததுல ஒண்ணு, அங்கயும் ரெண்டு ஆச்சு, எடுத்துட்டு அடுத்தது, அங்கயும் ரெண்டு, எடுத்துட்டு அடுத்தது, அங்க மூணு, ரெண்டை எடுத்தா ஒண்ணு மிஞ்சும், மீதி 1 அடுத்த பத்திக்கு. 11000, அதாவது 16-ம் 8-ம் 24.

கொட்டை இருக்கு, இல்ல. ரெண்டே நிலை. அதை சுவிட்சால பண்ணிடலாம்.

1937-ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், டெலிபோன் ரிலே (கரண்ட் குடுத்தா தானே மாறுற சுவிட்ச்) ரெண்டை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, புகையிலை டின்னை வெட்டின தகடும் டார்ச் பல்பும் வச்சு சமையலறை மேஜையில ஒரு கூட்டல் மெஷின் செஞ்சார். கிச்சன்ல செஞ்சதால மாடல் கே-ன்னு பேர். அதே வருஷம் எம்ஐடி-ல கிளாட் ஷானன் தன்னோட மாஸ்டர்ஸ் தீசிஸ்ல ஜார்ஜ் பூலோட தர்க்கக் கணிதத்தை சுவிட்ச் சர்க்யூட்டுக்குப் பொருத்திக் காட்டினார். ஸ்டிபிட்ஸ் செஞ்சதை ரிலே இல்லாம ஸ்லைடு சுவிட்ச்லயே நாம பண்ணலாம்.

கடையில (சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்) ஆறு கால் ஸ்லைடு சுவிட்ச், டிபிடிடி-ன்னு கேளுங்க, ரெண்டு வாங்கிக்கோங்க. மூணு மூணா ரெண்டு வரிசை கால் இருக்கும், ஸ்லைடரை எந்தப் பக்கம் தள்றோமோ அந்தப் பக்கக் காலோட நடுக்கால் சேரும். ஒரு பக்கத்துக்கு 0, இன்னொரு பக்கத்துக்கு 1-னு ரெண்டு சுவிட்ச்லயும் எழுதிடுங்க. ரெண்டு பென்சில் செல்லை ஹோல்டர்ல போட்டா 3 வோல்ட், அதுக்கு 2.5 வோல்ட் டார்ச் பல்பு சரியா இருக்கும்.

முதல் வரிசைக் கால்கள்: பேட்டரி பிளஸ்ல இருந்து முதல் சுவிட்ச் நடுக்காலுக்கு ஒரு ஒயர். முதல் சுவிட்ச் 0 காலை ரெண்டாவது சுவிட்ச் 1 காலோடயும், முதல் சுவிட்ச் 1 காலை ரெண்டாவது சுவிட்ச் 0 காலோடயும் குறுக்கா சேருங்க. ரெண்டாவது சுவிட்ச் நடுக்கால்ல இருந்து முதல் பல்பு, பல்போட இன்னொரு முனை பேட்டரி மைனஸ். ரெண்டாவது வரிசைக் கால்கள்: பிளஸ்ல இருந்து முதல் சுவிட்ச் நடுக்கால், அதோட 1 கால்ல இருந்து ரெண்டாவது சுவிட்ச் நடுக்கால், அதோட 1 கால்ல இருந்து ரெண்டாவது பல்பு, அப்புறம் மைனஸ்.

இப்ப ரெண்டு சுவிட்சும் 0-ல இருந்தா எதுவும் எரியாது. ஏதாவது ஒண்ணு 1-ல இருந்தா முதல் பல்பு எரியும். ரெண்டும் 1-ல இருந்தா முதல் பல்பு அணைஞ்சு ரெண்டாவது பல்பு எரியும். 1-ம் 1-ம் கூட்டினா 0 போட்டு மீதி 1. ரெண்டாவது பல்புதான் நம்ம மீதி. பல்சக்கரமும் வேணாம், விழுற கட்டையும் வேணாம், மீதி 1 ஒயர்ல ஓடுது. முதல் பல்போட சர்க்யூட்டை நீங்க வீட்லயே பார்த்திருப்பீங்க, மாடிப்படி லைட்டுக்குக் கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு டூ-வே சுவிட்ச் போடுறாங்களே, எலக்ட்ரீஷியன் போடுறது இதே ஒயரிங்தான், கம்ப்யூட்டர் புக்ல இதுக்கு எக்ஸார்னு பேர். ரெண்டாவது பல்போடது ஆண்ட். (வீட்டு கரண்ட்ல எதையும் முயற்சி பண்ணாதீங்க, பசங்க கிட்டயும் முதல்லயே சொல்லிடுங்க, பென்சில் செல் மட்டும்தான்.)

இதுக்கு ஹாஃப் ஆடர்னு பேர். வலது பக்கத்துல இருந்து வர்ற மீதியையும் சேர்த்துக்கணும்னா இது மாதிரி ரெண்டைக் கோத்தா ஃபுல் ஆடர், அப்படி எட்டு ஃபுல் ஆடர் வரிசையா வச்சா 8 பிட் எண்ணை, அதாவது 0-ஓ 1-ஓ இருக்குற எட்டு இடம் கொண்ட எண்ணைக் கூட்டிடலாம். ரிலேக்கு அப்புறம் வால்வு, அப்புறம் 1947-ல டிரான்சிஸ்டர், அப்புறம் எல்லாத்தையும் ஒரே சிலிக்கான் துண்டுல. 1971-ல வந்த இன்டெல் 4004, கடையில விலைக்கு வந்த முதல் மைக்ரோபிராசஸர், 2300 டிரான்சிஸ்டர், அதைச் செய்யச் சொல்லிக் கேட்டது பிசிகாம்ங்கற ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனி. கணக்கு மெஷின்ல ஆரம்பிச்ச பாதை கணக்கு மெஷின் வழியாவே கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்துச்சு.

இப்ப கம்ப்யூட்டரைத் திறங்க

விண்டோஸ்ல கால்குலேட்டரைத் திறந்து, இடது மேல் மூலையில மூணு கோடு மெனுவுல புரோகிராமர் எடுங்க. க்யூவேர்ட்னு ஒரு பட்டன் இருக்கும், அது பைட்னு மாறுற வரைக்கும் அழுத்துங்க, இப்ப 8 பிட்டுக்குள்ள வேலை செய்யும். 13 + 11 போட்டு BIN-னு (பைனரி) போட்டிருக்குற வரிசையைப் பாருங்க, தரையில கிடைச்ச அதே 11000 இருக்கும்.

அடுத்து 5 - 8 போடுங்க. விடை -3, ஆனா BIN வரிசையில 11111101-னு இருக்கும். மைனஸ் குறியே காணோம் பாருங்க. 3-ங்கறது 00000011. எல்லா 0-ஐயும் 1 ஆக்கி 1-ஐ 0 ஆக்குங்க, 11111100. அதோட 1 கூட்டுங்க, 11111101. பாஸ்கல் 9-ல இருந்து கழிச்சார், இங்க 1-ல இருந்து கழிக்கிறோம், கடைசியில 1 கூட்டுறது கூட மேல பார்த்த ரெண்டாவது முறைதான். இதுக்கு டூஸ் காம்ப்ளிமென்ட்னு பேர், கையில இருக்குற போன்ல இருந்து எல்லா மெஷினும் இப்படித்தான் கழிக்குது, கழிக்கிறதுக்குன்னு உள்ள தனி சர்க்யூட் இல்ல, கூட்டுற சர்க்யூட்தான்.

அப்புறம் 127 + 1 போடுங்க, -128-னு வரும். 01111111-ஓட 1 கூட்டினா மீதி எல்லா இடத்தையும் கலைச்சுக்கிட்டுப் போய் 10000000 ஆகுது, முதல் பிட் 1-ன்னா மைனஸ்னு மெஷினுக்கு அர்த்தம். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999 தாண்டினா 00000-க்கு வந்துடுற மாதிரி இங்க இடம் தீர்ந்துடுச்சு. ஓவர்ஃப்ளோன்னு சொல்றது இதைத்தான், புரோகிராம் எழுத ஆரம்பிக்கிறவங்க இதை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா போதும், ஏன் இன்ட், லாங்னு வேற வேற அளவு வச்சிருக்காங்கன்னு தனியா விளக்கவே வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. பிரவுசர்ல எஃப்12 அழுத்தி கன்சோல் போய் 0.1 + 0.2-ன்னு அடிங்க. 0.30000000000000004-னு வரும். மெஷின் கெட்டுப்போகலை. புள்ளிக்கு அப்புறம் பைனரியில இருக்குற இடங்கள் அரை, கால், அரைக்கால், வீசம்னு பாதி பாதியா இறங்கும், பத்துல ஒண்ணை அந்த பாதிகளை எவ்வளவு சேர்த்தாலும் சரியா பிடிக்க முடியாது, எங்கயோ வெட்டித்தான் ஆகணும். இப்ப 0.5 + 0.25 + 0.125 + 0.0625 அடிச்சுப் பாருங்க, அதாவது அரை, கால், அரைக்கால், வீசம். 0.9375, சுத்தமா வரும், பைனரியில அது வெறும் .1111. நம்ம பழைய எண்சுவடியில பசங்க ஒப்பிச்ச இந்தக் கீழ்வாய் எண்கள் கம்ப்யூட்டருக்குக் கனகச்சிதமா உட்காருது, ஆனா இருபதுல ஒண்ணான மா உட்காராது, 0.05-ம் 0.1 மாதிரியே மாட்டிக்கும்.

அதனால பில்லிங் மாதிரி ஏதாவது சின்ன புரோகிராம் எழுதுறீங்கன்னா ரூபாயைப் புள்ளி வச்சு சேமிக்காதீங்க, 149.50-ஐ 14950 பைசான்னு முழு எண்ணா வச்சு கூட்டல் கழித்தல் எல்லாம் பண்ணிட்டு, திரையில காட்டும்போது மட்டும் புள்ளியைப் போடுங்க. 0.1-ஐ பத்து தடவை கூட்டினா 1 வருதான்னு அதே கன்சோல்ல அடிச்சுப் பார்த்துட்டு எழுத ஆரம்பிங்க.